பத்தாம் வகுப்புக்கு வந்ததும் பந்தைப் பரணில் போட வேண்டுமா?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து வீடுகளில் ஒரு காரியம் தவறாமல் நடக்கும். பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளையின் பந்து பரணுக்கு ஏறும். சைக்கிள் டியூஷனுக்கு மட்டும் என்றாகும். “ஒரு வருசம் பொறுத்துக்க கண்ணு. ஃபுல் ஏ பிளஸ் வாங்கிட்டு அப்புறம் எவ்வளவு வேணாலும் ஆடிக்க” என்பார் அம்மா. அவரைக் குறை சொல்ல முடியாது. பிளஸ் ஒன்னுக்குச் சித்தூரில் இடம் கிடைக்குமா, கேட்ட குரூப் கிடைக்குமா, எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏற வேண்டியிருக்குமா என்பதெல்லாம் அந்த எஸ்.எஸ்.எல்.சி. கிரேடில்தான் நிற்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குள் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. விளையாடப் போகும் ஒரு மணி நேரம் படிப்பிலிருந்து கழிகிற ஒரு மணி நேரம், ஆகவே விளையாட்டைக் குறைத்தால் மார்க் கூடும் என்பது அந்தக் கணக்கு. கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இதைச் சும்மா நம்பிவிடாமல் அளந்து பார்த்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், அதுவும் ஐம்பது வருடமாக. அவர்கள் கண்டதை மூன்று வரியில் சொல்லிவிடலாம். உடல்தகுதி நன்றாக இருக்கும் மாணவர்கள் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல் மார்க் வாங்குகிறார்கள். அந்தக் கூடுதலுக்கு உடல்தகுதிதான் காரணம் என்று பாதிதான் சொல்ல முடியும். ஆனால் உடற்பயிற்சிக்கு ஒதுக்கிய நேரத்தால் மார்க் குறைந்தது என்று காட்டுவது மிகமிகக் கஷ்டமாக இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. செய்தித்தாள்கள் எப்போதும் முதலாவதைத்தான் தலைப்பாகப் போடும்.

உடல்தகுதி என்றால் எது?

இந்தப் பேச்சில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நடப்பது, சைக்கிள் மிதிப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாம் உடலசைவு. கபடியில் ரெய்டு போவதும் நீளந்தாண்டுவதும் விளையாட்டுத் திறமை. உடல்தகுதி என்பது வேறு: அசைவைத் தாங்க உடம்புக்கு இருக்கிற திறன். பாலக்காட்டுக்காரர்களுக்கு விளையாட்டுத் திறமை என்றால் முண்டூர் சித்ராவின் ஞாபகம் வரும். 1500 மீட்டர் ஓட்டத்தில் 2017லும் 2019லும் ஆசியத் தங்கம் வாங்கியவர். 2022 காமன்வெல்த் போட்டியில் நீளந்தாண்டி வெள்ளி வாங்கிய ஸ்ரீசங்கரும் இந்த மாவட்டம்தான். அவர்களைப் போல ஆவது லட்சத்தில் ஒருவருக்குத்தான் நடக்கும். உடல்தகுதி அப்படியில்லை. எந்தப் போட்டியிலும் கடைசியாக வருகிற பையனுக்கும் அது இருக்கலாம்.

அதற்குள்ளும் பல பகுதிகள் உண்டு. இதயமும் நுரையீரலும் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கின்றன, தசைக்கு எவ்வளவு பலம், அந்தப் பலம் எத்தனை முறை தொடர்ந்து வேலை செய்யும், உடம்பு எவ்வளவு வளையும், கொழுப்புக்கும் மற்றதற்கும் என்ன விகிதம் என்று தனித்தனியாக அளப்பார்கள். நம் பள்ளிகளில் மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் நடத்தும் சோதனைகளைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். உயரம், எடை எடுப்பது, 50 மீட்டர் வேக ஓட்டம், 600 மீட்டர் ஓட்டமோ நடையோ, உட்கார்ந்து கால்விரலைத் தொட முயல்வது, புஷ் அப், பாதி எழுந்து படுக்கும் வயிற்றுப் பயிற்சி, அவ்வளவுதான். இதில் 600 மீட்டரைத்தான் எல்லாரும் வெறுப்பார்கள். காரணமில்லாமல் இல்லை, இதய, நுரையீரல் தாக்குப்பிடிப்பைக் கொஞ்சமாவது வெளியே காட்டுவது அதுதான்.

படிப்போடு சேர்த்துப் பார்த்த ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதும் இந்தத் தாக்குப்பிடிப்புதான். தசை பலத்துக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு அதைவிட மெல்லியது. உடம்பு வளைவதற்கும் கணக்குக்கும் பெரிய சம்பந்தம் எதுவும் தெரியவில்லை. பிளஸ் டூ பையன்கள் ஜிம்மில் பைசெப்ஸ் ஏற்றுவதில் தப்பில்லை, கண்ணாடிக்கு முன்னால் நிற்கத் தைரியம் வரும். கெமிஸ்ட்ரிக்கு அது நேராக உதவும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

அளந்து பார்த்தவர்கள்

இந்த விஷயத்தில் பெரிய கணக்கு ஸ்வீடனிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் அங்கே பதினெட்டு வயதான ஆண்கள் அநேகமாக எல்லாரும் ராணுவத் தேர்வுக்குப் போயாக வேண்டும். அங்கே ஒருபக்கம் நிலையான சைக்கிளை மிதிக்கச் சொல்லி, மிதிப்பதைக் கடினமாக்கிக்கொண்டே போய், இனி முடியாது என்கிற வரை அளப்பார்கள். இன்னொரு பக்கம் அறிவுத்திறன் சோதனை. 1950 முதல் 1976 வரை பிறந்த 12 லட்சம் பேருடைய அந்தப் பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். சைக்கிளில் அதிக நேரம் தாக்குப்பிடித்தவர்கள் அறிவுத்திறன் சோதனையிலும் சராசரியாக மேலே இருந்தார்கள். தசை பலத்தில் அந்தப் போக்கு அப்படித் தெரியவில்லை. பதினைந்து வயதுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் யாருடைய தாக்குப்பிடிப்பு கூடியதோ அவர்கள் பதினெட்டில் வாங்கிய எண்களும் நன்றாக இருந்தன. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் விழுகிற வயது இதுதான் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். சரி, குறையும் சொல்லிவிடுவோம். அத்தனை பேரும் ஆண்கள், அளந்ததும் அறிவுத்திறன், பரீட்சை மார்க் அல்ல.

மார்க்கையே எடுத்துப் பார்த்தது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அங்கே ஐந்து, ஏழு, ஒன்பது வகுப்பு மாணவர்களுக்கு வருடா வருடம் ஆறு பகுதியுள்ள உடல்தகுதிச் சோதனை நடத்திவந்தார்கள். அதன் முடிவை மாநிலத் தேர்வு மதிப்பெண்ணோடு சேர்த்துப் பார்த்தபோது, ஆறில் எத்தனை சோதனையில் தேறினார்களோ அதற்கு ஏற்றபடி கணக்கிலும் வாசிப்பிலும் சராசரி ஏறிக்கொண்டே போனது. மாணவர்களைவிட மாணவிகளிடம் இந்த ஏற்றம் கூடுதலாக இருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளிடமும் கூடுதல். அதை எழுதியவரே, இதை வைத்து ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள் என்று சொல்லித்தான் எழுதினார். அந்த எச்சரிக்கை மட்டும் பலருக்குப் போய்ச் சேரவில்லை.

சேர்ந்து வருவது எல்லாம் காரணம் ஆகாது

எருத்தேம்பதிப் பக்கம் ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவன் வீட்டில் தினம் முட்டை உண்டு, படிக்கத் தனி அறை உண்டு, சாயங்காலம் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் ஷட்டில் கோர்ட்டில் விடுகிறார். இன்னொருவன் பள்ளி விட்டதும் தக்காளிக் கூடை தூக்க அம்மாவோடு தோட்டத்துக்குப் போகிறான், ராத்திரி எட்டு மணிக்குத்தான் புத்தகத்தைத் தொடுகிறான். முதலாமவனுக்கு உடல்தகுதியும் இருக்கும், மார்க்கும் வரும். ஷட்டில் ஆடியதால்தான் மார்க் வந்தது என்று சொன்னால் முட்டையையும் தனி அறையையும் அப்பாவையும் மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

இதற்கு நேர் எதிரான காட்சியை மூணாறு எஸ்டேட்டுகளில் பார்க்கலாம். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து பள்ளிக்கு ஏற்றத்திலும் இறக்கத்திலும் நடந்தே போய்வந்த தமிழ்ப் பிள்ளைகளின் காலும் நெஞ்சும் உறுதியானவை. நடையே மார்க் தருமென்றால் தேவிகுளம் தாலுகாதான் கேரளத்தில் முதலில் நிற்க வேண்டும். மழையில் வகுப்புக்கு வர முடியாமல் போன நாள்கள், தமிழ் வழியில் பாடம் எடுக்க ஆசிரியர் கிடைக்காத வருடங்கள், விளக்கு வெளிச்சத்துக்கு ஒரே அறையில் ஐந்து பேர், இதெல்லாம் அந்த உறுதியை அடித்துவிடும். உடல்தகுதிக்கு இவற்றையெல்லாம் ஈடுகட்டும் சக்தி கிடையாது. அப்படி இருக்கிறதென்று சொல்கிறவர்கள் வசதி செய்து தரவேண்டிய பொறுப்பிலிருந்து நழுவுகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

இரண்டையும் ஒரே நேரத்தில் கீழே இழுக்கும் ஒரு காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ரத்தசோகை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின், அதைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். மூளைக்குள் செய்திகளைக் கடத்தும் வேதிப்பொருள்கள் உண்டாகவும் அதே இரும்பு வேண்டும். அது குறைந்தால் பிள்ளை எப்படியோ பள்ளிக்குப் போய்வந்துவிடும். வோல்டேஜ் குறைந்த நாளில் நம் போர் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தும் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது அல்லவா, அந்த மாதிரி. 600 மீட்டரில் பாதியிலேயே மூச்சு வாங்கும், மத்தியான வகுப்பில் கண் சொருகும். பி.டி. சார் சோம்பேறி என்பார், கணக்கு டீச்சர் கவனமில்லை என்பார், இரண்டு பேரும் பார்ப்பது ஒரே குறையைத்தான்.

இது அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற குறையும் அல்ல. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நாடு முழுவதும் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. கேரளத்தில் நிலைமை அதைவிட நல்லது, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரை இதற்காகத்தான். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கும். வயிற்றைப் பிரட்டுகிறது என்று பிள்ளைகள் அதை ஜன்னல் வழியாக எறிவதும் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். வெறும் வயிற்றில் போட்டால் பிரட்டத்தான் செய்யும், மத்தியானச் சோறு சாப்பிட்டதும் போட்டால் அநேகமாகத் தொந்தரவு இருக்காது. சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. பூச்சி மாத்திரையைத் தவறவிடக் கூடாது, ஏனென்றால் கொக்கிப்புழு குடிப்பது ரத்தத்தைத்தான். மூச்சு வாங்கும் பிள்ளையை இன்னும் நாலு சுற்று ஓடு என்று விரட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் பார்ப்பது நல்லது. பெண்பிள்ளைக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

அப்படியானால் எல்லாமே வீட்டு வசதியும் சத்தும்தானா? இல்லை. ஸ்வீடன் பதிவேட்டில் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளையும், ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களையும் தனியே பிரித்துப் பார்த்தார்கள். வீடு ஒன்று, ஒரே கருவில் பிறந்தவர்களுக்குப் பரம்பரையும் ஒன்று. அங்கேயும் தாக்குப்பிடிப்புக்கும் அறிவுத்திறனுக்கும் உள்ள தொடர்பு அடியோடு மறைந்துவிடவில்லை. குடும்பத்தைக் கழித்த பிறகும் உடம்புக்கென்று ஒரு பங்கு மிஞ்சுகிறது. அது எவ்வளவு, எந்த வழியாக வருகிறது என்பதில்தான் விவாதம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மூளையின் எடை உடம்பில் சுமார் 2 சதவீதம்தான், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. இதயத் துடிப்பு கூடினால் மூளையும் விழித்துக்கொள்கிறது. இதைச் சோதித்தவர்களில் சார்லஸ் ஹில்மன் என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் முக்கியமானவர். 2009இல் வந்த அவருடைய ஆய்வில், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் இருபது பேரை ஒருநாள் சும்மா உட்காரவைத்தும் இன்னொரு நாள் டிரெட்மில்லில் 20 நிமிடம் நடக்கவைத்தும் அதன்பின் சோதனை கொடுத்தார்கள். திரையில் ஐந்து அம்புக்குறிகள் வரும், நடு அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பட்டனை அழுத்த வேண்டும். சுற்றியுள்ள நாலும் எதிர்ப்பக்கம் பார்த்து ஏமாற்றும். கவனத்தைக் கலைப்பதைப் புறக்கணிக்கும் திறனை இது அளக்கிறது. நடந்துவிட்டு வந்த நாளில் பிழைகள் குறைந்தன, வாசித்துப் புரிந்துகொள்வதிலும் எண் கூடியது.

இது அன்றைக்கே வந்து அன்றைக்கே போகிற பலன். மாதக்கணக்கில் பயிற்சி செய்தால் வருவது வேறொன்று. ஞாபகத்துக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் என்கிற மூளைப்பகுதி, தாக்குப்பிடிப்பு அதிகமுள்ள பிள்ளைகளிடம் பெரிதாக இருந்ததை 2010இல் ஸ்கேனில் கண்டார்கள். நரம்புகள் வளரவும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளவும் உதவும் ஒரு புரதம் உடற்பயிற்சியில் கூடுகிறது என்பதும் தெரியும். ஆனால் இதில் கணிசமான சான்று எலிகளிடமிருந்து வந்தது, ஸ்கேன் எடுத்தது ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளை. பதினாறு வயதுப் பையனுக்கு இதே அளவில் நடக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

மூளை வேதியியலைவிட எனக்கு நம்பிக்கை தருவது தூக்கம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை ராத்திரி 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். காலை ஆறரைக்கு டியூஷன், ராத்திரி பதினொன்று வரை போன் என்றிருக்கும் வீட்டில் அது எங்கே நடக்கும்? உடம்பு அலுத்த பிள்ளை சீக்கிரம் தூங்கும், ஆழமாகவும் தூங்கும். பகலில் படித்தது மூளையில் தங்குவது தூக்கத்தில்தான். பரீட்சைப் பயமும் எரிச்சலும் குறைவதும் இதோடு சேர்ந்தது. ஆக, மைதானத்தில் செலவான ஒரு மணி நேரத்தில் ஒரு பங்கு தூக்கமாகத் திரும்பி வருகிறது. நாற்காலியில் உட்கார்ந்த நேரம் எல்லாம் படித்த நேரம் ஆகாது என்பது பிள்ளை வளர்த்த எல்லாருக்கும் தெரியும், மார்ச் மாதத்தில் மட்டும் மறந்துபோகும்.

நேரத்தை எடுத்துப் பார்த்த சோதனைகள்

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் த்ருவா ரிவியேர் என்கிற ஊர்ப்பக்கம் 1970இல் தைரியமான ஒரு காரியம் செய்தார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குத் தினம் ஒரு மணி நேரம் கூடுதல் உடற்கல்வி கொடுத்தார்கள். அந்த நேரத்தைப் பாட வேளையிலிருந்தே எடுத்தார்கள். மற்றப் பாடங்களுக்கான நேரம் 13, 14 சதவீதம் குறைந்தது. அந்தப் பிள்ளைகள் பின்தங்கியிருக்க வேண்டும் அல்லவா? பின்தங்கவில்லை. மேல் வகுப்புகளில் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கினார்கள்.

அதற்காக ஓடினால் மார்க் ஏறும் என்று துள்ளிக் குதிக்கவும் முடியாது. பல வருடம் கழித்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 17 தொடக்கப்பள்ளிகளை வைத்து மூன்று வருடம் நடந்த சோதனையில், உடலை அசைத்துக்கொண்டே பாடம் படித்த பிள்ளைகளுக்கும் வழக்கம்போல் உட்கார்ந்து படித்தவர்களுக்கும் மார்க்கில் வித்தியாசமே இல்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இல்லினாய் மாநிலத்தில் 221 பிள்ளைகளை வைத்து ஒன்பது மாதம் பள்ளி விட்ட பிறகு நடத்திய திட்டத்திலோ தாக்குப்பிடிப்பும் கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறனும் கூடின. கவனம் கூடுவது ஒன்று, மார்க் கூடுவது இன்னொன்று. நடுவில் பாடம், ஆசிரியர், கேள்வித்தாள் என்று எத்தனையோ இருக்கின்றன.

இப்படிச் சிதறிக் கிடந்ததையெல்லாம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் ஒன்றாகத் தொகுத்தது. 50 ஆய்வுகள், அவற்றுக்குள் 251 ஒப்பீடுகள். உடற்பயிற்சியோடு படிப்பும் கூடியது பாதிக்குச் சற்று மேல். வித்தியாசம் எதுவும் தெரியாதது 48 சதவீதம். உடற்பயிற்சியால் படிப்பு குறைந்தது என்று காட்டியது ஒன்றரை சதவீதம். பந்தைப் பரணில் போடச் சொல்லும் வாதத்துக்கு மிச்சமிருக்கும் ஆதரவு அந்த ஒன்றரைதான்.

இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள் என்று ஒரு டீச்சர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். உயர்நிலைப் பள்ளி வயதுக்கு நெருங்கியது இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்து ஆய்வு. பதினொரு வயதில் இடுப்பில் ஒரு சின்னக் கருவியைக் கட்டி, கிட்டத்தட்ட ஐயாயிரம் பிள்ளைகளின் அசைவை அளந்துவிட்டு, நம் எஸ்.எஸ்.எல்.சி. போன்ற அவர்களுடைய பதினாறு வயதுத் தேர்வு வரை தொடர்ந்து பார்த்தார்கள். மூச்சு வாங்குமளவு விளையாடியவர்கள் பின்னாலும் நன்றாக எழுதினார்கள். மாணவிகளிடம் அறிவியல் பாடத்தில் அந்தத் தொடர்பு தெளிவாக இருந்தது. 2014இல் வெளிவந்தது இது.

நம் ஊர்ப் பிள்ளைக்கு எவ்வளவு, எப்போது?

உலக சுகாதார அமைப்பு 2020இல் சொன்னது, 5 முதல் 17 வயதுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடம், மூச்சு கொஞ்சமாவது வாங்குகிற மாதிரி. அதில் வாரம் மூன்று நாளாவது நன்றாக வியர்க்கும் வேலையும் எலும்புக்கும் தசைக்கும் பலம் தருகிற வேலையும் இருக்க வேண்டும். சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். டியூஷன் உள்ள நாளில் குறைந்தால் ஞாயிற்றுக்கிழமை சேர்த்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் 60 நிமிடம் வேண்டும் என்பதும் இல்லை. முதலமடையிலிருந்து கொல்லங்கோட்டுக்குச் சைக்கிள் மிதிப்பது கணக்கில் சேரும், வேகமாக மிதித்தால். கபடி, கால்பந்து, ஸ்கிப்பிங், வேக நடை எதுவும் சேரும். கேரம் சேராது. பள்ளிப் பஸ் வாசலில் வந்து ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்குத்தான் அந்த 60 நிமிடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

2016 கணக்குப்படி உலகில் 11 முதல் 17 வயதுள்ள பள்ளிப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை, ஆண்களில் 78, பெண்களில் 85. நம் பக்கத்தில் பெண்பிள்ளைகள் ஏன் எட்டுவதில்லை என்று கேட்க ஆராய்ச்சி வேண்டியதில்லை, சாயங்காலம் ஐந்து மணிக்கு எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் தெரியும். வயதுக்கு வந்ததோடு ஓட்டம் நிற்கிறது. மைதானம் பையன்களுடையது என்றாகிவிடுகிறது. பலன் அவர்களிடம்தான் கூடுதலாகத் தெரிகிறது என்று கலிபோர்னியாக் கணக்கும் பிரிஸ்டல் கணக்கும் சொல்லும்போது, கேம்ஸ் பீரியடில் அவர்களை மரத்தடியில் உட்காரவைப்பது அநியாயம். 2025இல் கேரளப் பள்ளிகளில் பாட்டுக்கு ஆடும் ஜூம்பா உடற்பயிற்சியைக் கொண்டுவந்தபோது வேண்டும் வேண்டாம் என்று ஏக ரகளை. பாட்டும் ஆட்டமும் பிடிக்காதவர்கள் ஸ்கிப்பிங் கயிறு கொடுத்தால் போதும், செலவும் குறைவு.

இன்னொன்று, கேம்ஸ் பீரியடைக் கணக்குக்கோ பிசிக்ஸுக்கோ எடுத்துக்கொள்ளும் வழக்கம். பிள்ளைகளின் நன்மைக்கு என்றுதான் எடுக்கிறார்கள். மேலே சொன்ன எண்களைப் பார்த்தால் அந்த நாற்பது நிமிடத்தில் பெரிதாக எதுவும் கிடைப்பதாகத் தெரியவில்லை. பி.டி.ஏ. கூட்டத்தில், “ஏனுங்க டீச்சர், விளையாட்டுப் பீரியடுல இவங்க விளையாடினாங்களா?” என்று ஒரு பெற்றோர் கேட்டால் போதும்.

வெயிலைச் சொல்லாமல் இருக்க முடியாது. மார்ச், ஏப்ரலில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடும். காலை 11 முதல் 3 வரை வெளியே ஓடவிடக் கூடாது. பள்ளிக்கு முன்போ ஐந்து மணிக்கு மேலோ வைத்துக்கொள்ளலாம், தண்ணீர் பாட்டில் கையில் இருக்க வேண்டும். ஜூன், ஜூலை மழையில் திண்ணையில் ஸ்கிப்பிங்கும் பள்ளிப் படிக்கட்டில் ஏறி இறங்குவதும் நடக்கும். வீசிங் உள்ள பிள்ளையை மூலையில் உட்காரவைக்க வேண்டியதில்லை, டாக்டர் சொன்ன மருந்தோடு ஓடலாம். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ அது வேறு, அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

போட்டியில் ஜெயித்தால் பரீட்சையில் சேர்த்துத் தரும் கிரேஸ் மார்க்குக்காகக் காலை, மாலை பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளின் கதை தனி. மாநிலப் போட்டிக்குத் தயாராவது உடல்தகுதிக்காக விளையாடுவது அல்ல. நாளுக்கு நாலு மணி நேரம் போனால் படிப்பு நேரம் நிஜமாகவே குறையும், தூக்கமும் குறையும். அவர்களுக்குப் பள்ளி தனியாக நோட்ஸும் நேரமும் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்வது அவர்களைப் பற்றியல்ல.

கடைசியாக எல்லாரும் கேட்பது பரீட்சைக் காலை. வழக்கமாக நடக்கிற, சைக்கிள் மிதிக்கிற பிள்ளை அன்றைக்கும் இருபது நிமிடம் அதையே செய்யலாம், ஹில்மன் பிள்ளைகளுக்குக் கொடுத்ததும் அவ்வளவுதான். பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடந்து போவதே அதற்குப் போதும். வருடம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு அன்று காலை புதிதாக ஓட ஆரம்பித்தால் கால் பிடித்துக்கொள்ளும், வேண்டாம். முந்தைய ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, காலையில் இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுவிட்டு, ஹால் டிக்கெட் பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பினால் சரி.